அவரையைத் திட்டாதீங்க சாமிகளா!

போன வாரம் ஒரு நாள் ஆணி கொஞ்சம் கம்மி. மதியம் சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தா, மாடித்தோட்ட வாட்ஸப் குழுவுல ஒரு போட்டோ. அருமையான அவரைக்கொடி. மொட்டைமாடி கைப்பிடிச் சுவர் பூரா பச்சைப் பசேல்னு படர்ந்து கிடக்கு. ஒரு மஞ்சள் இலை கிடையாது. கீழ ஒரே ஒரு வரி: "மாசியில் விதைத்தது. அஞ்சு மாசமாச்சு, ஒரு பூ கூட இல்லை. என்ன செய்யலாம்?"

அரை மணி நேரத்துல 14 பதில். எண்ணிப் பார்த்தேன் (பொட்டி தட்டற புத்தி, வேற என்ன). மோரும் பெருங்காயமும் கரைச்சு ஊத்துங்க - 3 பேர். தேமோர் கரைசல் தெளிங்க - 2 பேர். மீன் அமிலம் - 2 பேர். நுனியைக் கிள்ளுங்க - 2 பேர். வாழைப்பழத் தோல் ஊறின தண்ணி - ஒருத்தர். எப்சம் உப்பு - ஒருத்தர். "பூ பூக்கும் டானிக்"னு பாட்டில் படம், விலையோட - ஒருத்தர். மீதி ரெண்டு பேரு நேரா தீர்ப்பே சொல்லிட்டாங்க: "மலட்டு விதை. புடுங்கிப் போட்டுட்டு வேற வைங்க."

இத்தனைக்கும் அந்தம்மா விதைச்ச மாசத்தைச் சொல்லியே கேட்டிருக்காங்க. அதை 14 பேர்ல ஒருத்தர் கூட கண்டுக்கலை. "கொடி அவரையா, செடி அவரையா?"ன்னும் ஒருத்தர் கேக்கலை.

இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், மன்னிச்சுக்குங்க. அந்த "புடுங்கிப் போடுங்க"வைக் கேட்டு ஒரு தடவை நானும் புடுங்கினவன். அதுல நான் தொலைச்சது என்னன்னு பின்னால சொல்றேன்.

முதல்ல விஷயத்துக்கு வர்றேன். கொடி அவரை, அதாவது நம்ம பந்தல் அவரை, ராத்திரியோட நீளத்தைப் பார்த்துப் பூக்கற ஜாதி. புத்தகத்துல இதுக்குக் குறும்பகல் தாவரம்னு பேரு. பகல் குறைஞ்சு ராத்திரி நீண்டாத்தான் இலையில இருந்து நுனிக்கு "பூ வை"ன்னு தகவல் போகும். அதுவரைக்கும் என்ன ஊத்தினாலும் இலையும் தண்டும்தான். சென்னையில ஜூன் கடைசியில பகல் 12 மணி 50 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. டிசம்பர் கடைசியில சுமாரா 11 மணி 20 நிமிஷம். ரெண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஏசி ரூமுக்குள்ள டியூப் லைட்டுக்குக் கீழ உக்காந்திருக்கற நமக்கு இது தெரியவே தெரியாது. அவரைக்குத் தெரியும்.

இப்ப மாசியில விதைச்சா என்ன ஆகும்னு பாருங்க. செடி முளைச்சு எந்திரிக்கும் போது பகல் நாளுக்கு நாள் நீண்டுக்கிட்டே போகுது. ஜூன் 21 வரைக்கும் நீளும். அப்புறம்தான் திரும்பும். செப்டம்பர் 23 வாக்குலதான் ராத்திரியும் பகலும் சமமாகும். அதுக்கப்புறம்தான் ராத்திரி கை ஓங்கும். ஐப்பசி, கார்த்திகையிலதான் நம்ம நாட்டுக்கொடி மொட்டு காட்டும். மாசியில போட்டாலும் அப்பத்தான், ஆடியில போட்டாலும் அப்பத்தான். முன்னாடியே போட்டதால கிடைக்கற லாபம் அஞ்சு மாசத் தண்ணிச் செலவும், அசுவினிக்கு அன்னதானமும்.

இது நான் கண்டுபிடிச்சது இல்லை. 1920-ல அமெரிக்க வேளாண்மைத் துறையில இருந்த கார்னர், அல்லார்ட்னு ரெண்டு பேர் இதைக் கட்டுரையா எழுதிட்டாங்க. பிலாக்ஸிங்கற சோயா ரகத்தை இடைவெளி விட்டு விட்டு, வேற வேற தேதியில விதைச்சுப் பார்த்தாங்க. முந்தி விதைச்சது, பிந்தி விதைச்சது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல பூத்துச்சு. செடி தன்னோட வயசைப் பார்க்கலை, காலண்டரைப் பார்த்துச்சு.

அமெரிக்காக்காரன் சொன்னாத்தான் நம்பணுமான்னு கேக்கறவங்க குறுந்தொகையில 240-வது பாட்டை எடுத்துப் பாருங்க. அவரைக்கொடி பூத்திருக்கறதும் வாடைக்காத்து வர்றதும் ஒரே பாட்டுக்குள்ள இருக்கு. அந்தப் புலவர் கிட்ட எப்சம் உப்பு இல்லைங்க. பூ பூக்கற காலம் எதுன்னு தெரிஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான்.

அதுவும் வேண்டாம்னா சாப்பாட்டைப் பாருங்க. பொங்கலுக்கு மொச்சைக் குழம்பு ஏன் வந்துச்சு? தை மாசம்தான் அவரையும் மொச்சையும் குவியும். பெங்களூர்ல அவரைக்காய் மேளா எப்ப நடக்குது? டிசம்பர், ஜனவரி வாக்குல. கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கம் பிதுக்குப் பருப்பு சாம்பார் எந்த மாசம்? மார்கழி, தை. ஊரே ஒரு காய்க்கு ஒரு காலம் குறிச்சு வெச்சு, பண்டிகையும் கட்டி, சமையலும் கட்டியிருக்கு. நாம சித்திரையில கொடியைப் பார்த்து "ஏன் பூக்கலை?"ன்னு கேட்டுட்டு நிக்கறோம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சின்ன வயசுல தமிழ்ப் பரீட்சையில அர்த்தம் எழுதி ரெண்டு மார்க் வாங்கினவங்கதானே நாம எல்லாம்? அந்த ரெண்டு மார்க்கோட அதை மறந்துட்டோம்.

சரி, இப்ப என் கதை.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன், கோபி பக்கம். கிளம்பும் போது எங்க அமிச்சி (அம்மாவோட அம்மாங்க, எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) சேலைத் துணியில முடிஞ்ச ஒரு முடிச்சு குடுத்துச்சு. இருபது விதை இருக்கும். கட்டுத்தறிக் கூரை மேல வருஷா வருஷம் ஏறுமே, அந்த அவரை. காய் வெள்ளையா, பட்டையா, ஓரத்துல லேசா ஊதா கோடு ஓடும். அந்த வாசத்துக்குப் பொரியல்ல தேங்காய் கூட வேண்டாம். "அஞ்சாறு கொடி வந்தாப் போதுங் கண்ணு, ஊட்டுக்கு ஆகும்"னுச்சு. எப்பப் போடணும்னு அது சொல்லலை. நானும் கேக்கலை. ஊர்ல யாரும் சொல்லிக் குடுக்கற விஷயமா அது? சோத்தை வாயில வைன்னு யாராவது சொல்லுவாங்களா?

சென்னைக்கு வந்தேன். வீடியோ பார்த்தேன். "வருடம் முழுவதும் அவரை அறுவடை"ன்னு ஒரு வீடியோ. மாசி மாசமே இருபதையும் போட்டுட்டேன். இருபதையும்! ரெண்டு விதை எடுத்து வெக்கணும்னு கூடத் தோணலை. நல்லா வந்துச்சு. வைகாசிக்குள்ள மாடிப்படி ரூம் மேலயே ஏறிடுச்சு. பூ மட்டும் இல்லை. மேல சொன்ன லிஸ்ட்ல இருக்கற டானிக் தவிர எல்லாத்தையும் ஊத்தினேன். கடலைப் புண்ணாக்கு ஊத்தினேன். அது இன்னும் மோசம். அவரை பயறு வகை, வேர் முடிச்சுல இருக்கற பாக்டீரியா வெச்சு தனக்கு வேண்டிய தழைச்சத்தைப் பெரும்பாலும் தானே காத்துல இருந்து எடுத்துக்கும். அதுக்கு மேல மேல தழைச்சத்தைக் கொட்டினா இலை இன்னும் கொழுக்கும், பூ இன்னும் தள்ளிப் போகும். குழுவுல கேட்டேன். மலட்டு விதைன்னாங்க. (மலடுங்கற வார்த்தையை மனுஷங்க மேல விட்டு எத்தனை குடும்பத்தை அழ வெச்சோம். இப்ப செடிக்கும் அதே வாய்.) ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழமை, பாரைக் கத்தியை எடுத்து அடியில வெட்டிட்டேன். இன்னும் ரெண்டு மாசம் சும்மா இருந்திருந்தாப் போதும்.

செப்டம்பர்ல போன்ல பேசும் போது சொன்னேன். "அமிச்சி, உங்க அவரை காய்க்கவே இல்லை. புடுங்கிட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டுச்சு: "எப்பக் கண்ணு போட்டே?"

பாருங்க. பள்ளிக்கூடம் போகாத கிழவி. குழுவுல இருந்த அத்தனை "நிபுணர்"களும் கேக்காத கேள்வியை முதல் கேள்வியா கேட்டுச்சு. மாசியில போட்டேன்னு சொன்னேன். "அது ஆடி நோம்பிக்குப் போடறதாச்சே சாமி... செரி உடு. தை வந்தா வெதை தர்றேன்"னுச்சு. திட்டக் கூட இல்லை.

தை வரலைங்க. ஐப்பசியிலயே அமிச்சி போயிருச்சு. காரியத்துக்குப் போனப்ப கட்டுத்தறி மேல அந்தக் கொடி முதல் பூ வெச்சு நிக்குது. எல்லாரும் அழுதுட்டிருக்கற வீட்ல விதையைப் பத்தி யார் கிட்டப் பேசறது? 2023 பொங்கலுக்குப் போறேன், மாமா கட்டுத்தறியைப் பிரிச்சு சிமெண்ட் தளம் போட்டுட்டார். மாட்டையும் வித்தாச்சு. கொடியை எங்கன்னு கேட்டா, "குப்பையோட போயிருச்சு மாப்ளே"ங்கறார். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அவர் கூரையைப் பிரிக்கும் போது வெட்டினார். நான் நல்லா நின்ன கொடியை மொட்டையா வெட்டினேன்.

விதை கிடைச்சது ரெண்டு வீடு தள்ளி. அமிச்சி வருஷா வருஷம் அங்க இருக்கற அக்காவுக்கும் குடுத்து வெச்சிருக்கு. "வெதை ஒரு ஊட்டுலயே இருக்கக் கூடாது"ன்னு அமிச்சி சொல்லுமாம். நாங்க ஆபீஸ்ல பேக்கப் வேற கட்டடத்துல இருக்கணும்னு பாலிசி எழுதி, ஆடிட் பண்ணி, அப்பவும் ஒழுங்கா செய்யறதில்லை. அமிச்சி ரெண்டு வீடு தள்ளி எடுத்து வெச்சிருந்துச்சு. அந்த அக்கா தேடி எடுத்துக் குடுத்தது 9 விதை. இப்ப எங்க குடும்பத்துல அந்த அவரை இருக்குன்னா அந்த 9 விதைதான் காரணம்.

அதனாலதான் "புடுங்கிப் போடுங்க"ன்னு எவனாவது பொழுதுபோகாம டைப் பண்ணும் போது எனக்கு ரத்தம் கொதிக்குது. அந்த வாட்ஸப் அம்மா கையில இருக்கறது கடையில மறுபடி கிடைக்கற விதையா, இல்லை அவங்க அமிச்சி முடிஞ்சு குடுத்த கடைசி விதையான்னு உங்களுக்குத் தெரியுமா?

2023 ஆடி 18. மூணு பெயிண்ட் டப்பா, 20 லிட்டர், அடியில ஓட்டை. ஒவ்வொண்ணுலயும் மூணு விதை, ஒரு விரல்கணு ஆழம். முளைச்சது 7. ஐப்பசிக் கடைசியில முதல் பூ. ரெண்டு டப்பாவுல மட்டும். மூணாவது டப்பா மாடிப்படி ரூம் பக்கத்துல. அதுல ஒரு மொட்டு இல்லை. அதே விதை, அதே மண், அதே தண்ணி. மண்டையைப் பிச்சுக்கிட்டு ராத்திரி மாடிக்குப் போய்ப் பார்த்தா, படி ரூம் வாசல்ல இருக்கற எல்இடி லைட்டு விடிய விடிய அது மேலயே அடிக்குது. 1938-ல ஹாம்னர், பானர்னு ரெண்டு பேர் ஒரு களைச்செடியை வெச்சு இதைத்தான் காட்டினாங்க. நீளமான ராத்திரிக்கு நடுவுல கொஞ்ச நேரம் வெளிச்சம் போட்டாலும் போதும், செடி அதை நீளமான ராத்திரியா எடுத்துக்காது, பூக்காது. கணக்கு பகல்ல இல்லை, இருட்டுல.

ஹவுஸ் ஓனர் கிட்டப் போனேன். "சார், மாடி லைட்டை ராத்திரி ஆஃப் பண்ணிக்கலாமா?"

"ஏம்ப்பா, கரண்ட் பில் நான்தானே கட்டறேன்?"

"அவரைக்குத் தூக்கம் வரமாட்டேங்குது சார்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனா ஆஃப் பண்ணிட்டார். ஒரு மாசம் கழிச்சு அந்த டப்பாவும் பூத்துச்சு. இப்ப அவரே ராத்திரி ஒம்பது மணிக்குப் போய் ஆஃப் பண்ணிட்டு வர்றார் :-)

சரி, யார் மேல கோபம்னு தெளிவாச் சொல்லிடறேன்.

ஒண்ணு, விதைப் பாக்கெட் போடறவங்க. நான் வாங்கிப் பார்த்த பாக்கெட்ல முளைப்புத்திறன் சதவீதம் இருக்கு, காலாவதித் தேதி இருக்கு, பளபளன்னு காய் படம் இருக்கு. கொடியா செடியான்னு இல்லை. எந்தப் பட்டம்னு இல்லை. இங்கிலாந்துல இருக்கற என் காலேஜ் நண்பன் வீட்டுத் தோட்டத்துல ரன்னர் பீன்ஸ் போடறான். அவன் அனுப்பின பாக்கெட் படத்தைப் பார்த்தேன். பின்பக்கம் 12 மாசமும் கட்டம் கட்டமா இருக்கு. எந்தெந்த மாசம் விதைக்கணும்னு ஒரு நிறம், எந்தெந்த மாசம் பறிக்கணும்னு ஒரு நிறம். பனி ஓய்ஞ்சு மே மாசம் மண்ணுல போடறான், ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் பறிக்கறான். அங்க அதுதான் நடைமுறை. நம்மாளுக்கு அந்தக் கட்டத்தை அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? (அந்த ரன்னர் பீன்ஸ் விதையை ஆன்லைன்ல வாங்கி சென்னை மாடியில போடறவங்களும் இருக்காங்க. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைக்குளிர்ல பொறந்த கொடி. சூட்டுல பூத்தாலும் பிஞ்சு நிக்காது, பூ கொட்டும். அதையும் "மலட்டு விதை"ம்பாங்க.)

ரெண்டு, "வருடம் முழுவதும்" வீடியோக்காரங்க. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வருஷம் முழுக்கப் பூக்கற அவரை இருக்கு. அது குத்துச்செடி அவரை. பகல் நீளத்தைக் கண்டுக்காத மாதிரி வளர்த்தெடுத்த ரகங்கள். பெங்களூர் ஹெப்பால் அவரை 3, தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தோட அர்க்கா ஜெய், அர்க்கா விஜய், நம்ம கோவை வேளாண் பல்கலையோட கோ 14 எல்லாம் அந்த வகைதான். எப்பப் போட்டாலும் ஒன்றரை, ரெண்டு மாசத்துல பூ வரும். அந்தச் செடியைக் காட்டி எடுத்த வீடியோவைப் பார்த்துட்டு உங்க பாட்டி குடுத்த கொடி விதையைப் போட்டீங்கன்னா என் கதைதான். அவரை விதைச்சா துவரை முளைக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். கொடி அவரை விதைச்சா செடி அவரை முளைக்காதுங்கறதையும் யாராவது சொல்லணும் இல்லையா?

மூணு, இது நம்ம சொந்தக் கட்சி, அதனால கொஞ்சம் வலிக்கும். "நாட்டு விதைதான் உசத்தி, பல்கலைக்கழக ரகம் எல்லாம் விஷம்"னு முழங்கற நம்மாளுங்க. கோ 14 விஷம் இல்லை சாமி. ஒட்டுவீரிய விதையும் இல்லை. அதுல இருந்தும் விதை எடுத்து மறுபடி போடலாம். மாடியில ரெண்டடி இடம், பந்தல் போட முடியாது, ஏப்ரல்லயும் அவரைக்காய் வேணும்னா அதைப் போடறதுதான் புத்திசாலித்தனம். நாட்டு விதையைக் காப்பாத்தணும்னா அதுக்குக் கோஷம் போடறது வேலை இல்லை, அதோட பட்டம் தெரிஞ்சு வெச்சிருக்கறதுதான் வேலை. விதையை மட்டும் கொரியர்ல அனுப்பிட்டுப் பட்டத்தை அனுப்பலைன்னா, நீங்க அனுப்பினது பாதி விதைதான். விதைத் திருவிழாவுல ஒரு கை அவரையை வாங்கிட்டு வந்து மாசியில போட்டு, ஆவணியில புடுங்கி, "நாட்டு விதை எல்லாம் சும்மா கதை"ன்னு சொல்றவங்களை நானே நாலு பேரைப் பார்த்துட்டேன். அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

"ஆறு மாசம் காத்திருக்க எல்லாருக்கும் பொறுமை இருக்காதுங்க"ன்னு ஒருத்தர் போன்ல சொன்னார். யார் காத்திருக்கச் சொன்னது? ஆடியில போடுங்க. மூணு, மூணரை மாசத்துல பூ. மாசி, பங்குனியில இடம் சும்மா கிடக்குன்னா வெண்டை போடுங்க, கொத்தவரை போடுங்க, தட்டைப்பயறு போடுங்க. வெயில்ல கொண்டாடிக்கிட்டுக் காய்க்கும். ஆளுக்குத் தக்க வேலைன்னு ஆபீஸ்ல மேனேஜர் கிட்டக் கேக்கறோம் இல்லை? மாசத்துக்குத் தக்க செடின்னு தோட்டத்துல ஏன் கேக்க மாட்டேங்கறோம்?

அதே மாதிரி கார்த்திகையில போய்ப் போட்டுட்டு "சீக்கிரம் பூத்துருச்சே"ன்னு சந்தோஷப்படாதீங்க. கொடி ரெண்டடி வளர்றதுக்குள்ள பூத்து, நாலு காய் குடுத்து முடிச்சுக்கும். உடம்பு வளர ஆவணி, புரட்டாசி வேணும். அதனாலதான் ஆடி. பெரியவங்க சும்மா ஒரு மாசத்தைக் கை காட்டிட்டுப் போகலை. ரெண்டு பக்கமும் கணக்குப் பார்த்து நடுவுல நிறுத்தியிருக்காங்க.

திட்டறதோட நிறுத்தாம, பூத்ததுக்கு அப்புறம் பண்ற தப்பையும் சொல்லிடறேன். நான் பண்ணினதுதான்.

அவரைப் பூ ஒரு நீளக் காம்புல அடுக்கடுக்கா வரும். கீழ காய் முத்தும் போதே மேல மொட்டு விட்டுட்டு இருக்கும். காய் பறிக்கறேன்னு கொத்தோட இழுத்து ஒடிச்சா அந்தக் காம்புல வரப்போற அடுத்த பத்துக் காயும் போச்சு. ஒரு கையால காம்பைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால காயை மட்டும் கிள்ளுங்க. உள்ள விதை லேசா மேடு தட்டும் போதே பறிச்சிடணும். மூணு நாளைக்கு ஒரு தடவை மாடிக்குப் போகணும். "ஞாயித்துக்கிழமை மொத்தமாப் பறிச்சுக்கலாம்"னு விட்டா காய் நாராயிடும். முத்தின காயை அப்படியே விட்டா கொடி "நம்ம ஜோலி முடிஞ்சது"ன்னு புதுப் பூவைக் குறைச்சுக்கும். இங்கிலாந்து நண்பனும் ரன்னர் பீன்ஸுக்கு இதையேதான் சொல்றான். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும்.

பூ வரும் போதே கருப்பா அசுவினி வரும், கூடவே எறும்பு வரும். அசுவினி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. தண்ணியை வேகமாப் பீச்சி அடிங்க. விடிகாலைப் பனி ஈரத்துல அடுப்புச் சாம்பல் தூவுங்க. அதுக்கும் அடங்கலைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், தேனீ அடங்கின சாயங்காலமாத் தெளிங்க. முக்கியமா, அசுவினிக்கு நடுவுல முதலைக்குட்டி மாதிரி கருப்பும் ஆரஞ்சுமா ஒரு புழு ஊர்ந்தா நசுக்கிடாதீங்க. அது பொறிவண்டோட குட்டி. உங்களுக்கு வேலை செய்ய வந்த ஆள். முதல் வருஷம் நான் அதைத்தான் தேடித் தேடி நசுக்கினேன். அவ்வ்வ்.

கடைசியா விதை. மீந்து போன கடைசிக் காயில விதை எடுக்காதீங்க. நல்லாக் காய்க்கற கொடியில, நடுப் பருவத்துல, நல்ல காயாப் பத்துப் பதினஞ்சைத் துணி கட்டி அடையாளம் வெச்சு விட்டுடுங்க. செடியிலயே காஞ்சு, ஆட்டினா கலகலங்கணும். உரிச்சு, நிழல்லயும் இளவெயில்லயும் காய வெச்சு, சாம்பல் பெரட்டி டப்பாவுல போடுங்க. டப்பா மேல பேரோட "ஆடி"ன்னு ஒரு வார்த்தை எழுதி ஒட்டுங்க. அந்த ஒரு வார்த்தை இல்லாமத்தான் நான் இருபது விதையைத் தொலைச்சேன். அப்புறம் பாதியை வேற வீட்டுக்குக் குடுங்க. 2024 மாசியில எனக்கு ஒரு டம்ளர் விதை வந்துச்சு. பாதியை ஊருக்குக் கொண்டு போய் அந்த அக்கா கிட்டயே திருப்பிக் குடுத்தேன். கொஞ்சம் மாமா வீட்லயும். சிமெண்ட் தளத்து மேல டப்பாவுல வெச்சிருக்கார். காய்க்குது.

அந்த வாட்ஸப் அம்மாவுக்குப் பதினஞ்சாவது பதிலா நான் எழுதினது இவ்வளவுதான்: "மாசியில போட்டதாலதான் பூ இல்லைங்க. விதை மேல தப்பு இல்லை. கொடியா இருந்தா வெட்டாதீங்க. நுனியைக் கொஞ்சம் குறைச்சு விட்டுட்டு, புண்ணாக்கு ஊத்தறதை நிறுத்திட்டு, தீபாவளி வரைக்கும் சும்மா இருங்க. ராத்திரி லைட்டு மேல படாமப் பாத்துக்குங்க." அதுக்கு அவங்க போட்ட பதில்: "எங்க மாமியார் குடுத்த விதை. அவங்க இப்ப இல்லை. நல்லவேளை, நாளைக்கு வெட்டலாம்னு இருந்தேன்."

அதுக்கு மேல எனக்கு எழுதக் கை வரலை.

ஆடி முடிய இன்னும் சில நாள் இருக்கு மக்களே. பரண்ல, அஞ்சறைப்பெட்டி அடியில, அம்மாவோட பீரோவுல ஏதாவது முடிச்சு இருக்கான்னு தேடுங்க. அதைக் குடுத்தவங்க இன்னும் இருந்தா, விதையைக் கையில வெச்சுக்கிட்டு இன்னிக்கே ஒரு போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எப்பப் போடறது?"

பி.கு 1: பின்னூட்டத்துல என்னைத் திட்டறவங்க தாராளமாத் திட்டலாம். ஆனா முதல்ல விதைச்ச மாசத்தைச் சொல்லிட்டு, அப்புறம் கொடியா செடியான்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் திட்டுங்க.

பி.கு 2: "டானிக்" அண்ணே, உங்க பாட்டில்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதுல ராத்திரி இல்லைன்னு மட்டும் நல்லாத் தெரியும்.